பச்சை மதுவும் பனிநீரும்: அப்சிந்த் கேள்வி பதில்

சென்னையின் நட்சத்திர விடுதிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக பார்டெண்டராகப் பணியாற்றியவன் என்பதால், அப்சிந்த் என்னும் மூலிகை மதுவைப் பற்றி வந்த கேள்விகளுக்கு விடையளிக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே கல்லூரி மாணவர்கள் அனுப்பிய கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

தண்ணீர் ஊற்றியதும் அப்சிந்த் பால்போல் வெளுக்கிறதே, கலப்படமா? (திருவான்மியூர் வாசகர்)

கலப்படம் அன்று, அதுவே அதன் இலக்கணம். ஆர்ட்டிமீசியா அப்சிந்தியம் என்னும் கசப்பு மூலிகை, அனீஸ் விதை, சோம்பு ஆகிய மூன்றையும் சாராயத்தில் ஊறவைத்து வாலையில் வடித்தெடுப்பதுதான் அப்சிந்த். அனீஸிலும் சோம்பிலும் உள்ள அனெத்தோல் என்னும் எண்ணெய்ப் பொருள் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் சேரச் சேரச் சாராயத்தின் வலு குறைவதால், அந்த எண்ணெய் நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. குளிக்கும் வாளியில் டெட்டால் ஊற்றும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுவே. 30 மில்லி அப்சிந்துக்கு 90 முதல் 150 மில்லி வரை பனிநீரை (பனிக்கட்டியிட்ட தண்ணீரை), விரும்பினால் துளைக்கரண்டியில் வைத்த சர்க்கரைக் கட்டியின் வழியாக, சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அடைபட்டிருந்த மூலிகை மணம் அப்போதுதான் எழும். இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்க மனமில்லாதவர்கள் பீர் அருந்தலாம்.

வேதாகமத்தில் 'எட்டி' என்று வருவது இந்த மூலிகைதானா? எட்டிக்காயிலிருந்து அப்சிந்த் செய்யலாமா? (சாந்தோம் வாசகர்)

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குக் குலை நடுங்கியது. வெளிப்படுத்தின விசேஷம் 8:11இல் விண்மீனுக்கு வரும் பெயர் மூலமொழியில் 'அப்சிந்தோஸ்'. தமிழில் கசப்புக்குப் பெயர்போன எட்டியை அதற்கு ஈடாக வைத்தார்கள். மொழிபெயர்ப்பாக அது பொருத்தமானதே. ஆனால் நம் ஊர் எட்டி மரத்தின் விதையில் இருப்பது ஸ்ட்ரிக்னின் என்னும் கொடிய நஞ்சு. இரண்டு செடிகளுக்கும் எந்த உறவும் இல்லை. எட்டியைத் தொடாதீர்கள், வீட்டில் எதையும் வடிக்காதீர்கள்.

மரிக்கொழுந்து அதே இனம் என்கிறார்களே, பூக்கடையில் வாங்கி வோட்காவில் ஊறவைக்கலாமா? (மேற்கு மாம்பலம் வாசகர்)

மரிக்கொழுந்து ஆர்ட்டிமீசியா பேரினத்தைச் சேர்ந்ததுதான். கோயம்பேட்டில் அதன் வாசனையை முகரும்போதெல்லாம் எனக்கும் அப்சிந்த் நினைவுக்கு வரும். ஆயினும் அது வேறு சிற்றினம்; பூக்கடைச் சரம் பூச்சிமருந்து படாததென்று யாரும் உறுதி தர முடியாது. ஊறவைத்து மட்டும் எடுத்தால் கசப்பு முழுவதும் இறங்கிவிடும். வடித்தெடுக்கும்போதுதான் அது பின்தங்கும். வடிப்பதோ சட்டப்படி குற்றம். கடைகளில் விற்கும் மூலிகை எண்ணெயைக் கலப்பது இதைவிட ஆபத்து: அப்சிந்தியம் எண்ணெயை இணையத்தில் வாங்கிக் குடித்த ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 1997இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது.

சர்க்கரைக் கட்டியைக் கொளுத்தி ஊற்றுவதுதானே மரபு? (வேளச்சேரி வாசகர்)

இல்லை. அது 1990களில் செக் நாட்டு மதுக்கூடங்களிலிருந்து பரவிய வேடிக்கை. அப்சிந்த் பிறந்த சுவிட்சர்லாந்தின் வால்-து-த்ரவேர் பள்ளத்தாக்கிலும், 1805இல் பெர்னோ ஆலை எழுந்த பிரான்சின் பொந்தார்லியேவிலும் தண்ணீரைத்தான் ஊற்றினார்கள்.

மரபு மாறக் கூடாதா? எரித்தால் கேரமல் சுவை கிடைக்கிறதே. (அண்ணா நகர் வாசகர்)

மரபு மாறலாம், நான் பழமைவாதி அல்லன். செக் நாட்டுச் சரக்குகள் பலவற்றில் அனீஸ் குறைவு. தண்ணீர் ஊற்றினாலும் சரியாக வெளுக்காது. வேடிக்கை காட்ட வேறு வழியில்லாததால் நெருப்பு வந்தது என்பது என் கணிப்பு. நல்ல சரக்கில் தீ வைத்தால் கருகிய சர்க்கரையின் வாசனை எழுந்து, மூலிகைகளின் மெல்லிய மணத்தை மூடிவிடும். கேரமல்தான் வேண்டுமென்றால் கேரமல் கஸ்டர்டு மலிவானது.

தீயை உடனே தண்ணீரால் அணைத்துவிட்டால்? (தாம்பரம், அடையாறு, மீண்டும் அண்ணா நகர்)

கண்ணாடி வெடித்து ஒரு விருந்தினரின் துப்பட்டாவில் தீப்பிடித்ததை நேரில் பார்த்தவன் நான். எரியும் கோப்பையில் புட்டியிலிருந்து மேலும் ஊற்றுவோரும் உண்டு. தீ அந்த ஓடையைப் பிடித்து மேலேறிவிடும். நெருப்பு பற்றி இனி விடையளிக்க மாட்டேன்.

முதல் முறை செய்பவர் எந்தக் காக்டெயிலில் தொடங்கலாம்? (பெரம்பூர் வாசகர்)

நான் காத்திருந்த கேள்வி. கலவைகளில் அப்சிந்த் பெருங்காயத்தைப் போன்றது; அளவு மீறினால் வேறெதுவும் தெரியாது. சாசெராக்கில் தொடங்குங்கள். குளிரவைத்த கோப்பையில் ஒரு தேக்கரண்டி அப்சிந்தைச் சுழற்றி, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். வேறொரு கோப்பையில் சர்க்கரைக் கட்டியைப் பெஷோ பிட்டர்ஸ் என்னும் கசப்பு மூலிகைச் சாறு நான்கு வீச்சுடன் (ஒரு வீச்சு என்பது புட்டியை ஒருமுறை உதறினால் விழும் அளவு) நசுக்கி, 60 மில்லி ரை விஸ்கியும் பனிக்கட்டியும் சேர்த்துக் கலக்கி, முதற்கோப்பையில் வடிகட்டி, எலுமிச்சைத் தோலை மேலே பிழியுங்கள். 2008இல் நியூ ஆர்லியன்ஸ் நகரின் அதிகாரப்பூர்வக் காக்டெயிலாக அறிவிக்கப்பட்டது இது.

அடுத்தது கார்ப்ஸ் ரிவைவர் எண் 2. லண்டன் சவாய் விடுதியின் ஹாரி கிராடக் 1930இல் அச்சிட்ட செய்முறையில் ஜின், குவாந்த்ரோ (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது), லில்லே (மணமூட்டிய திராட்சை மது), எலுமிச்சைச் சாறு நான்கும் சம அளவு. அப்சிந்த் ஒரே ஒரு வீச்சு. அங்கே சொல்லப்படுவது பெரிய மஞ்சள் எலுமிச்சை. நம் சிறிய எலுமிச்சம்பழம் புளிப்பு மிகுந்தது. மற்றவை 30 மில்லி என்றால் சாறு 20 மில்லி போதும்.

எழுத்தாளர் ஹெமிங்வேயின் பெயரால் வழங்கும் அப்சிந்த்-ஷாம்பெயின் கலவையை அவர் மூன்று முதல் ஐந்து வரை அருந்தச் சொன்னார். ஒன்றோடு நிறுத்துங்கள்; வீட்டுக்கு வண்டி ஓட்டாதீர்கள்.

மாயத்தோற்றம் வருமா? (ஒன்பது பேர்)

வராது. அப்சிந்தியம் மூலிகையில் உள்ள துஜோன் என்னும் பொருளின் மீதுதான் அந்தப் பழி. ஐரோப்பாவில் அதன் உச்சவரம்பு ஒரு கிலோ மதுவுக்கு 35 மில்லிகிராம். அந்த அளவு துஜோன் மனத்தை மயக்குவதற்குள் சாராயம் உங்களைத் தரையில் கிடத்திவிடும். ஓவியர் வான்கோ தன் காதை அறுத்துக்கொண்டது அப்சிந்தால்தானா என்று கேட்ட மூவருக்கும் இதே விடை.

பாரிஸிலிருந்து 72 விழுக்காட்டுப் புட்டி கொண்டுவரலாமா? (நங்கநல்லூர் வாசகர்)

முடியாது. 70 விழுக்காட்டைத் தாண்டிய மது விமானத்தில் எந்தப் பெட்டியிலும் அனுமதிக்கப்படாது. 68 விழுக்காட்டுச் சரக்கை வாங்குங்கள்.

வலிப்புக்கு மாத்திரை உட்கொள்கிறேன், சிறிது அருந்தலாமா? (குரோம்பேட்டை வாசகர்)

உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அவர் சொல்லும்வரை வேண்டாம்.

திறந்த புட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? (மயிலாப்பூர் வாசகர்)

வேண்டாம், குளிரில் அனெத்தோல் உறைந்து மது கலங்கக்கூடும். சன்னலோரமும் கூடாது. பச்சை நிறம் இலைகளின் பச்சையத்திலிருந்து வருவதால், வெயில் பட்டால் சருகு நிறமாகிவிடும். புடவை பீரோவின் அடித்தட்டு மிகச் சரியான இடம். வீட்டில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.