பத்திரக் கட்டைக் கலைக்கலாமா?

கேள்வி: தாத்தா விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் கட்டுக் கட்டாகப் பத்திரங்கள். கிரயம், அடமானம், தீர்வை ரசீது எல்லாம் கலந்து கிடக்கின்றன. பிரித்து, வருட வாரியாக அடுக்கிப் பட்டியல் போடலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: பட்டியலை வருட வாரியாகப் போடுங்கள் அம்மா, காகிதத்தை அப்படி அடுக்காதீர்கள்.

உங்களுக்குக் கலந்து கிடப்பதாகத் தெரிவது தாத்தாவுக்கு ஒழுங்காக இருந்திருக்கலாம். பலர் நிலத்துக்கு நிலம் தனிக் கட்டாகக் கட்டி வைப்பார்கள். ஒரு நஞ்சையின் தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், நடுவில் வைத்த அடமானம், கடன் தீர்ந்த ரசீது எல்லாம் ஒரே நூலில் இருக்கும். வருடப்படி கலைத்தால் அடமானம் ஒரு பக்கம், அதைத் தீர்த்த ரசீது ஒரு பக்கம் போய்விடும். பதிவான பத்திரமாவது சர்வே எண், நான்கெல்லை சொல்லித் தப்பித்துக்கொள்ளும். ‘ரூ. 40 வரவு’ என்று மட்டும் கிறுக்கிய துண்டுச் சீட்டு என்ன செய்யும்? எந்தக் கட்டில், எதற்கு அடியில் இருந்தது என்பது மட்டுமே அதற்கு முகவரி.

நான் காப்பகத்தில் வேலை பார்த்தபோது ஒரு பண்ணையின் காகிதங்கள் வந்தன. யாரோ ஆர்வக்கோளாறில் முத்திரைத்தாள் மதிப்பு வாரியாக அடுக்கி அனுப்பியிருந்தார்கள். பார்க்க அழகுதான். எந்தக் குத்தகைச் சீட்டு எந்த வயலுக்கு என்று கடைசிவரை பிடிபடவில்லை. வந்த வரிசையைக் கலைக்காதே என்பது என் சொந்தச் சரக்கு அல்ல. நெதர்லாந்துக் காப்பகக்காரர்களான முல்லர், ஃபெயித், ஃப்ரூயின் மூவரும் 1898-லேயே விதியாக எழுதிவைத்தார்கள்.

கட்டை அவிழ்க்கும் முன் செல்போனில் படம் எடுங்கள். அப்புறம் மேலிருந்து கீழாக ‘கட்டு 1, தாள் 1’ என்று பின்பக்க ஓரத்தில் பென்சிலால் எண் போடுங்கள். துருப்பிடித்த குண்டூசியைக் கழற்றலாம். சேர்ந்திருந்த தாள்களை ஒரே உறையில் வையுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது.

விவரத்தை எக்செல்லில் ஏற்றினால் வருடப்படியோ ஊர்ப்படியோ அதுவே அடுக்கித் தரும், காகிதம் அசைய வேண்டாம். ரசீதில் பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) இருந்தால் அப்படியே எழுதி, பக்கத்தில் ஆங்கில வருடம் போடுங்கள்: பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை. பழைய சர்வே எண்ணை இன்றைய எண்ணாகத் ‘திருத்தி’விடாதீர்கள், புது எண்ணுக்குத் தனிக் கட்டம் ஒதுக்குங்கள்.

வக்கீலிடம் காட்ட ஒரு பத்திரத்தை உருவினால், யார், என்றைக்கு எடுத்தார் என்று அதே இடத்தில் ஒரு சீட்டு வையுங்கள். சித்தப்பா எடுத்தாலும் சீட்டு உண்டு.