டேவி விளக்குக்குள் நெருப்பு எரிந்தும் சுரங்கம் ஏன் வெடிக்கவில்லை?

டேவி விளக்கு என்பது, சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலை போர்த்திய எண்ணெய் விளக்கு. அவ்வளவுதான். கண்ணாடிகூடக் கிடையாது. 1815இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களுக்காக இதை உருவாக்கினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் ஃபெல்லிங் சுரங்கத்தில் மீத்தேன் வாயு வெடித்து 92 பேர் மாண்டிருந்தார்கள்.

வாயு தீப்பிடிக்க ஒரு குறிப்பிட்ட அளவு சூடு வேண்டும். சுடர் வலையைத் தொட்டதும் அதன் சூட்டை உலோகக் கம்பிகள் இழுத்து நாலாபக்கமும் பரப்பிவிடுகின்றன. கொதிக்கும் காபியை அகலமான டவராவில் ஊற்றினால் சட்டென்று ஆறுகிறதே, அதே கதைதான். துளை வழியே வெளியே வரும் காற்றுக்கு வாயுவைப் பற்றவைக்கும் சூடு இருக்காது. துளைகள் மிகச் சிறியவை என்பதுதான் சூட்சுமம். சதுர அங்குலத்துக்கு 784. பெரிதாக இருந்தால் சுடர் நழுவிவிடும்.

இதற்கு டேவி காப்புரிமை வாங்கவில்லை. அதே ஆண்டு பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீவன்சனும் தனியாக ஒரு பாதுகாப்பு விளக்கு செய்தார். யார் முந்தி என்ற சண்டை பல வருஷம் ஓடியது.

வலை வாயுவைத் தடுக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, வாயு தாராளமாக உள்ளே போகும். போனதும் சுடர் நீண்டு, மேலே நீலமாக ஒரு தொப்பி தெரியும். அதைப் பார்த்தே தொழிலாளர்கள் ஆபத்தைக் கணித்தார்கள். வலை கிழிந்தாலோ பழுக்கக் காய்ந்தாலோ அந்தப் பாதுகாப்பும் போச்சு.