வான்சேயில் கூடிய படிப்பாளிகள்

அன்புள்ள ஐயா,

நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். பிள்ளைகளின் அறிவைத் தீட்டிவிட்டால் குணம் தானாக வந்துவிடும் என்று நம்பித்தான் பாடம் நடத்தினேன். இப்போது வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பையன்தான், மெதுவாகப் படிக்கும் ஒருவனை ஆள் சேர்த்துக்கொண்டு அழவைக்கிறான். கேட்டால் என்னையே மடக்குகிறான். அறிவுக்கும் நல்ல குணத்துக்கும் சம்பந்தமே இல்லையா?

ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

சம்பந்தம் உண்டு. ஆனால் அறிவு முன்னே போக, குணம் பின்னே வரும் என்பது நடப்பதில்லை.

1942 ஜனவரி 20 அன்று பெர்லினில் வான்சே ஏரிக்கரை மாளிகை ஒன்றில் நாஜி ஆட்சியின் உயர் அதிகாரிகள் 15 பேர் கூடினார்கள். ஐரோப்பாவின் யூதர்களை ஒழித்துக்கட்டும் வேலையில் எந்தத் துறைக்கு என்ன பங்கு என்று பேசத்தான். அவர்களில் எட்டுப் பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பேச்சு முடிந்துவிட்டது. கூட்டக் குறிப்பின் ஒரு பிரதி போருக்குப் பின் கிடைத்தது. அதில் உள்துறையின் ஸ்டுக்கார்ட், சட்ட முனைவர், ஓர் ஆட்சேபம் எழுப்புகிறார். யூதர்களும் ஜெர்மானியர்களும் செய்துகொண்ட கலப்பு மணங்களையும் அவற்றில் பிறந்தவர்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது முடிவே இல்லாத அலுவலக வேலையாகிவிடும், அதனால் கட்டாயக் கருத்தடை செய்துவிடலாம் என்கிறார். அந்த இடத்தை என்னால் கடக்கவே முடியவில்லை. அவருடைய மூளை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. கோப்பு பெருகுமே என்ற கவலை வந்திருக்கிறது, கோப்புக்குள் இருக்கும் ஆளைப் பற்றி வரவில்லை. யாரை மனிதக் கணக்கில் சேர்ப்பது என்பது அந்த மேசைக்கு வருவதற்கு முன்பே அவருக்குள் முடிவாகியிருந்தது.

அதே போர்க்காலம், 1940, லித்துவேனியாவின் கௌனாஸ் நகரம். பிலிப்ஸ் கம்பெனியின் மேலாளர் யான் ஸ்வார்டென்டைக் அங்கே நெதர்லாந்தின் தூதரகப் பொறுப்பையும் பார்த்துவந்தார். கரீபியன் கடலில் நெதர்லாந்தின் ஆளுகையில் இருந்த குராசாவ் தீவுக்குப் போக விசா தேவையில்லை, ஆளுநரின் அனுமதி மட்டும் வேண்டும் என்பது விதி. தப்பிக்கத் தவித்த யூதர்களின் பாஸ்போர்ட்டுகளில் அவர் விதியின் முதல் பாதியை மட்டும் எழுதிக்கொடுத்தார். அதைக் காட்டினால் ஜப்பானியத் துணைத்தூதர் சியுனே சுகிஹாரா ஜப்பான் வழியாகப் போவதற்கான வழிப்பயண விசா தந்தார், தன் அமைச்சகத்தின் உத்தரவையும் மீறி. ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். விதியில் எந்தப் பாதியை விடலாம் என்று கண்டுபிடிக்கவும் கெட்டிக்காரத்தனம் வேண்டும் அல்லவா? எதிரே நிற்கும் ஆளைப் பார்த்த பிறகு வந்த கெட்டிக்காரத்தனம் அது.

சரி, உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவனோடு வாதாடாதீர்கள், ஜெயிக்கப்போவது அவன்தான். முதல் மார்க் வாங்குகிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வகுப்பையே நாம்தான் பழக்கி வைத்திருக்கிறோம். அழுகிற பிள்ளையின் பக்கத்தில் போய் நில்லுங்கள், எல்லோரும் பார்க்கும்படி. பேச்செல்லாம் அப்புறம்.