24-ஆம் கட்டத்தை மாற்ற முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த நம் பிள்ளைகளைப் பற்றிப் போன இதழில் நான்கு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, டிஸ்சார்ஜ் காகிதத்தின் 24-ஆம் கட்டத்தில், சேவை எப்படிப்பட்டது என்று எழுதியிருக்கும் அந்த ஒரு சொல்லை மாற்ற முடியுமா என்று கேட்கின்றன. முடியும். நான் வாரம் ஒரு நாள் முன்னாள் படைவீரர்களுக்கான சட்ட உதவி மையம் ஒன்றில் தன்னார்வலராகக் கோப்பு அடுக்கிக்கொடுக்கிறேன். அங்கே கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

என் மகன் எம்.எஸ். படிக்க வந்து, தமிழ் தெரியும் என்பதற்காகவே ராணுவத்தில் எடுக்கப்பட்டவன். 2014-ல் சேர்ந்தான், அந்த வருடமே குடியுரிமையும் கிடைத்தது. 2016-ல் ஆப்கானிஸ்தான் போய் வந்தான். வந்த பிறகு ஆளே மாறிவிட்டான். குடி, காலை அணிவகுப்புக்குப் போகாமல் இருப்பது, கடைசியில் கஞ்சா பரிசோதனையில் மாட்டினான். 2018-ல் 'அதர் தேன் ஹானரபிள்', அதாவது கண்ணியமான சேவை அல்ல, என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்தில் தானாகவே மாறிவிடும் என்று அவன் நண்பன் சொன்னான், மாறவில்லை. அவனிடம் இருக்கும் காகிதத்திலோ டிஸ்சார்ஜ் வகையே போட்டிருக்கவில்லை. இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறான். குக்கர் விசில் அடித்தால்கூட வாசலுக்குப் போய் நிற்கிறான், சார். குடியுரிமை போய்விடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. (ஒரு தாய், டெக்சாஸ்)

அம்மா, முதலில் அந்த ஆறு மாதக் கதையை விட்டுவிடுங்கள். ராணுவத்தில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிவரும் வதந்தி அது. யாரும் விண்ணப்பிக்காமல் எந்த டிஸ்சார்ஜும் காலப்போக்கில் தானாக உயர்வதில்லை.

உங்கள் மகன் வந்த வழி எனக்குத் தெரியும். 'மாவ்னி' என்ற திட்டம் அது. பச்சை அட்டைகூட இல்லாமல் மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருந்தவர்களை, ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்தால் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2009-ல் ஆட்கள் எடுக்கத் தொடங்கி 2016-ல் நிறுத்தினார்கள். அதற்குள் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

அப்புறம், உங்கள் மகனிடம் இருப்பது டிஸ்சார்ஜ் காகிதத்தின் சின்னப் பிரதி. டிடி 214 என்ற அந்தக் காகிதத்துக்கு இரண்டு வடிவம் உண்டு, சின்னதில் 23 முதல் 30 வரையுள்ள கட்டங்கள் இருக்காது. பெரிய பிரதியில் 24-ஆம் கட்டத்தில்தான் சேவையின் தன்மை எழுதியிருக்கும், 28-ஆம் கட்டத்தில் ஏன் அனுப்பினார்கள் என்ற காரணம். பெரிய பிரதி இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். அதோடு அவருடைய முழுப் பணிப்பதிவுக் கோப்பையும், ராணுவ மருத்துவக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். எஸ்.எஃப். 180 என்ற படிவத்தை நிரப்பி அனுப்பினால் போதும்.

கோப்பு கைக்கு வந்த பிறகுதான் விண்ணப்பம். டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து 15 வருடத்துக்குள் டிடி 293 என்ற படிவத்தில் டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். உங்கள் மகனுக்கு 2033 வரை நேரம் இருக்கிறது. நேரம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள், கூட இருந்த சிப்பாய்கள் ஊர் மாறிப் போய்விடுவார்கள், ஞாபகங்களும் தேய்ந்துவிடும். வாரியம் நினைத்தாலும் இருக்கிற டிஸ்சார்ஜை இன்னும் கீழே இறக்க முடியாது. உயர்த்தலாம், இல்லை அப்படியே விடலாம், அவ்வளவுதான். விண்ணப்பித்தால் இன்னும் மோசமாகிவிடுமோ என்று பயந்து பத்து வருடம் சும்மா இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வெறும் படிவத்தை நிரப்பி, 'நான் நல்லவன், தயவுசெய்து மாற்றுங்கள்' என்று இரண்டு வரி எழுதி அனுப்புகிறவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். 2017 ஆகஸ்டில் பாதுகாப்புத் துறை எல்லா வாரியங்களுக்கும் ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது, அதில் கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரால் 'கர்ட்டா மெமோ' என்பார்கள். மன அழுத்த நோய், தலைக்காயம், பாலியல் வன்முறை போன்றவை தொடர்பான வழக்குகளைத் தாராள மனத்தோடு பார்க்கச் சொல்கிறது அது. வாரியம் கேட்டுக்கொள்ள வேண்டியது நான்கே கேள்வி. செய்த தவறுக்குச் சமாதானமாகக்கூடிய நோயோ அனுபவமோ இவருக்கு இருந்ததா? அது ராணுவத்தில் இருந்தபோது நடந்ததா? அந்தத் தவறை அது உண்மையிலேயே விளக்குகிறதா? டிஸ்சார்ஜை மாற்றும் அளவுக்குக் கனமானதா? உங்கள் மகனுடைய விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கமும் இந்த நான்கில் ஒன்றுக்காவது பதில் சொல்ல வேண்டும்.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் குக்கர் விசிலைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதுதான் அம்மா சாட்சி! அதே மெமோ, டாக்டர் சீட்டு மட்டும்தான் வேண்டும் என்று சொல்லவில்லை, குடும்பத்தாரின் வாக்குமூலத்தையும் ஆதாரமாக ஏற்கச் சொல்கிறது. உட்கார்ந்து எழுதுங்கள். போவதற்கு முன் எப்படி இருந்தான், வந்த பிறகு முதல் வாரம் எங்கே படுத்தான், எந்தச் சத்தத்துக்கு என்ன செய்தான், எந்த மாதத்திலிருந்து குடி. பாசத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், கண்ணால் பார்த்ததை மட்டும் தேதியோடு எழுதினால் போதும். ஆங்கிலம் கைவராவிட்டால் தமிழில் சொல்லுங்கள், தெரிந்தவர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதித் தரட்டும், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆப்கானிஸ்தான் போகுமுன் அவர் வாங்கிய நல்ல மதிப்பீடுகளையும் பதக்கங்களையும் முன்னால் வையுங்கள். நேற்றுவரை ஒழுங்காக இருந்த பையன் திரும்பி வந்ததும் தடுமாறினான் என்பது அப்போது எவர் கண்ணுக்கும் தெரியும்.

குடியுரிமை பற்றி. போர்க்காலச் சேவையின் பேரில் குடியுரிமை பெற்றவர், ஐந்து வருடம் கண்ணியமான சேவை முடிக்குமுன் 'அதர் தேன் ஹானரபிள்' நிலையில் வெளியேறினால் அதை ரத்து செய்ய இடமுண்டு என்று சட்டம் சொல்கிறது. மறைத்துப் பயனில்லை, உங்கள் மகன் நான்கு வருடத்தில் வந்தவர். ஆனால் அது தானாக நடப்பதில்லை, அரசு நீதிமன்றத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். 'ஜெனரல்' என்ற அடுத்த படிக்கு உயர்ந்தாலே இந்தக் கத்தி தலைக்கு மேலிருந்து போய்விடும், ஏனென்றால் குடியுரிமைச் சட்டத்துக்கு அது கண்ணியமான பிரிவில்தான் சேரும். படிவத்தை அனுப்புமுன் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, இதற்கு வாரியத்தின் பதில் வரும்வரை காத்திருக்கவே கூடாது. போர்முனைக்குப் போய் வந்தவர், நூறு நாளுக்கு மேல் சேவை செய்தவர் என்றால், இந்த டிஸ்சார்ஜோடு இருந்தாலும் முன்னாள் படைவீரர் நலத்துறையில், அதாவது வி.ஏ.வில், மனநல சிகிச்சை கேட்கலாம். ராத்திரியில் நிலைமை கைமீறினால் நெருக்கடி உதவி எண்ணான 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்துங்கள். வீட்டில் இருப்பவர்களும் அழைக்கலாம்.

என் தம்பிக்கு 'ஜெனரல், அண்டர் ஹானரபிள் கண்டிஷன்ஸ்' கொடுத்திருக்கிறார்கள். ஹானரபிள் என்ற சொல்தான் அதிலேயே இருக்கிறதே, பிறகு ஏன் படிப்புப் பணம் கிடையாது என்கிறார்கள்? (வாசகர், நியூ ஜெர்சி)

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வி.ஏ. மருத்துவம், ஊனத்துக்கான மாதப்பணம், வீட்டுக்கடன் இதெல்லாம் ஜெனரலுக்குப் பொதுவாகக் கிடைக்கும். ஆனால் ஜி.ஐ. பில் என்ற படிப்புச் சலுகைக்கு முழு ஹானரபிள் வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. உங்கள் தம்பி அதற்கு முன் ஒரு ஒப்பந்தக் காலத்தை ஹானரபிளாக முடித்து மறுபடி சேர்ந்தவரா என்று பாருங்கள், அப்படியானால் அந்த முதல் காலத்தை வைத்தே தகுதி கிடைக்கலாம். இல்லையென்றால் அதே டிடி 293 தான். படிப்புக்குப் பணம் வேண்டும் என்பதை மட்டும் காரணமாக எழுதாதீர்கள். சலுகை வேண்டும் என்பதற்காக வாரியம் மாற்றாது. முறை தவறி நடத்தினார்களா, தண்டனை நியாயத்துக்கு மிஞ்சியதா, இந்த இரண்டைத்தான் அது பார்க்கும்.

என் கணவர் அமெரிக்கர். வியட்நாமில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்து, முகாமை விட்டுச் சொல்லாமல் போய்விட்டார் என்று 1971-ல் 'அன்டிசைரபிள்' கொடுத்து அனுப்பினார்களாம். கல்யாணமாகி முப்பது வருடம், போன மாதம்தான் என்னிடமே சொன்னார். அவர் கோப்பு பழைய தீ விபத்தில் எரிந்துபோயிருக்குமோ? இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா? (வாசகி, ஒஹாயோ)

செய்யலாம், செய்யுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எங்கள் மையத்துக்கு வந்த ஒரு பெரியவரின் நினைவு வந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் எட்டாக மடித்து வைத்திருந்தார் அந்தக் காகிதத்தை, மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டுநாடா மஞ்சள் பூத்து. மேசையில் விரித்தவர், 24-ஆம் கட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டுதான் பேசினார்.

'அன்டிசைரபிள்' என்பது இன்றைய 'அதர் தேன் ஹானரபிள்' என்பதற்கு அந்தக் காலத்துப் பெயர். 15 வருடம் தாண்டிவிட்டதால் மறுஆய்வு வாரியத்தின் கதவு மூடியிருக்கும். ஆனால் அதற்கு மேலே ராணுவ ஆவணத் திருத்த வாரியம் இருக்கிறது. அதற்கு டிடி 149 படிவம். தவறு தெரியவந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும் என்பது விதி, ஆனால் நியாயத்தின் பொருட்டு அந்தக் கெடுவைத் தள்ளிவைக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. கெடுவை ஏன் தளர்த்த வேண்டும் என்பதற்குப் படிவத்திலேயே ஒரு பத்தி எழுதுங்கள்.

அந்தப் பத்தியில் சொல்ல உங்களுக்கு வலுவான காரணம் இருக்கிறது. இன்று பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) என்று எல்லோருக்கும் தெரிந்த நோய், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியதே 1980-ல்தான். 1971-ல் உங்கள் கணவரைப் பரிசோதித்திருந்தாலும் அந்தப் பெயரை எழுத எந்த டாக்டராலும் முடிந்திருக்காது. இதை உணர்ந்துதான் 2014 செப்டம்பரில் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் சக் ஹேகல், வியட்நாம் காலத்தவரின் மனுக்களைத் தாராளமாகப் பார்க்கும்படி ஆவணத் திருத்த வாரியங்களுக்கு எழுதினார். அவரே வியட்நாமில் சண்டை போட்டவர். இன்றைய தேதியில் ஒரு மனநல மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுத்தாலும் செல்லும்.

கோப்பு எரிந்துபோயிருக்குமோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1973 ஜூலை 12-ல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி கோப்புகள் போயின, உண்மைதான். ஆனால் தரைப்படையில் அது பெரும்பாலும் 1960-க்கு முன் வெளியே வந்தவர்களுடையது. 1971-ல் வந்தவர் என்றால் தைரியமாகக் கேளுங்கள்.

காலம் கடந்துவிட்டது என்று அவர் சொன்னால் இதைச் சொல்லுங்கள். 1917-ல் ஹூஸ்டனில் நடந்த கலவரத்துக்காக 24-ஆம் காலாட்படையின் கறுப்பினச் சிப்பாய்கள் 110 பேரைக் குற்றவாளிகள் என்று ராணுவ நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன, 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். 2023 நவம்பரில் அதே ராணுவம், ஆவணத் திருத்த வாரியத்தின் பரிந்துரைப்படி, எல்லாத் தீர்ப்புகளையும் ரத்து செய்து அவர்கள் சேவையை ஹானரபிள் என்று பதிந்தது. ஒருவர்கூட உயிரோடு இல்லை. உங்கள் கணவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா.

ஒரு தடவை மனு போட்டு நிராகரித்துவிட்டார்கள். அவ்வளவுதானா? (வாசகர், கலிஃபோர்னியா)

இல்லை. நிராகரிப்புக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள், எந்த ஆதாரம் போதவில்லை என்று அதில்தான் எழுதியிருப்பார்கள். முதல் மனுவை வெறும் கோப்பை வைத்தே தீர்த்திருந்தால், 15 வருடத்துக்குள் நேர் விசாரணை கேட்கும் உரிமை இன்னும் உங்களிடம் இருக்கிறது. ஆளைப் பார்த்து, குரலைக் கேட்டு முடிவு செய்வது வேறு விஷயம். அதிலும் தோற்றால் டிடி 149 போட்டு ஆவணத் திருத்த வாரியம், அதற்கும் மேல் கூட்டாட்சி நீதிமன்றம். 2019 டிசம்பர் 20 அன்றோ அதற்குப் பிறகோ வெளியே வந்தவர்களுக்கு இந்த வாரியங்களையெல்லாம் முடித்த பின் பாதுகாப்புத் துறையில் கடைசியாக ஒரு மேல்முறையீட்டு வாரியமும் உண்டு, ஆனால் அங்கே புது ஆதாரம் வைக்க முடியாது. அதனால் கையில் இருப்பதையெல்லாம் முன்னாடியே வைத்துவிடுங்கள். வாரியங்களின் பழைய தீர்ப்புகள் பெயர் நீக்கி இணையத்தில் கிடக்கின்றன. உங்களுடையதைப் போன்ற வழக்கில் ஜெயித்தவர் என்ன வைத்தார் என்று தேடிப் படித்துவிட்டு அடுத்த மனுவை எழுதுங்கள்.

வழக்கறிஞர் ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா? (வாசகி, வர்ஜீனியா)

விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. பணம் கொடுக்குமுன் இலவச இடங்களைத் தட்டிப் பாருங்கள். வாஷிங்டனில் நேஷனல் வெட்டரன்ஸ் லீகல் சர்வீசஸ் புரோகிராம், சான் பிரான்சிஸ்கோவில் சோர்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ், யேல், ஹார்வர்ட் சட்டக் கல்லூரிகளின் உதவி மையங்கள், ஊருக்கு ஊர் இருக்கும் அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் சங்கம். வரிசை நீளமாக இருக்கும், உடனே இடம் கிடைக்காது. அந்த இடைவெளியில் எஸ்.எஃப். 180-ஐ அனுப்பிக் கோப்பை வரவழைத்து வைத்துக்கொள்ளுங்கள், யாரிடம் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.