முதுகில் போடும் மயக்க ஊசியில் மருந்து மாறிவிடுமா?

கேள்வி: 64 வயதான என் தாயாருக்கு அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்ய இருக்கிறார்கள். முதுகில் மயக்க ஊசி போடப்படும் என்று மருத்துவர் கூறியுள்ளார். அம்மா சர்க்கரை நோய்க்கு டபாகிளிஃப்ளோசினும், இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறார். இந்த ஊசியில் மருந்து மாறி ஒருவர் உயிரிழந்ததாக எங்கோ படித்ததிலிருந்து, அறுவை சிகிச்சையே வேண்டாம் என்கிறார். அவருடைய அச்சம் நியாயமானதா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது, ஆனால் நடக்க முடியாத வலியோடு அவர் காலம் தள்ள வேண்டிய அளவுக்கு அது பெரிய காரணம் இல்லை. இத்தகைய தவறு மிக அரிதாகவே நேர்கிறது, முற்றிலும் தடுக்கவும் கூடியது.

உங்கள் தாயாருக்குச் செய்யப்போகும் அறுவை சிகிச்சையில் இரண்டு மருந்துகள் வழக்கமாகப் பயன்படுகின்றன. இடுப்புக்குக் கீழே மரத்துப்போவதற்காகத் தண்டுவட நீரில் செலுத்தப்படுவது பியுபிவகைன். ரத்தப்போக்கைக் குறைப்பதற்காகக் கையில் உள்ள சிரை வழியே ஏற்றப்படுவது டிரனெக்சாமிக் அமிலம். இரண்டுமே நிறமற்ற திரவங்கள். சில நிறுவனங்களின் கண்ணாடிக் குப்பிகள் அளவிலும் தோற்றத்திலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். டிரனெக்சாமிக் அமிலம் தவறுதலாக முதுகில் செலுத்தப்பட்டால், முதுகிலும் கால்களிலும் கடும் வலி, தசைத் துடிப்பு, வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவை தொடர்கின்றன. பதிவான நேர்வுகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்திருக்கிறார்கள். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் இதற்கென்றே ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது.

இந்தத் தவறைச் செய்தவர் மருந்தை அறியாதவராக இருப்பதில்லை. அவசரத்திலும் களைப்பிலும் பழகிய கை பழகிய இடத்துக்குப் போய்விடுகிறது. ஆகவே, ‘கவனமாக இருங்கள்’ என்று அறிவுரை கூறுவதால் மட்டும் இது தீராது என்பது என் உறுதியான கருத்து. டிரனெக்சாமிக் அமிலத்தை மயக்க மருந்துகள் இருக்கும் தட்டிலோ இழுப்பறையிலோ வைக்காமல் தனி இடத்தில் வைக்க வேண்டும். குப்பியை உடைக்கும் முன் மயக்கவியல் மருத்துவரும் செவிலியரும் அதன் பெயரை வாய்விட்டுப் படித்து உறுதிசெய்ய வேண்டும். சிரிஞ்சில் ஏற்றிய கையோடு பெயர் எழுதி ஒட்ட வேண்டும். சாதாரண சிரிஞ்சு பொருந்தாத இணைப்பைக் கொண்ட முதுகு ஊசிகளும் இப்போது வந்துள்ளன. நல்ல ஏற்பாடுதான் என்றாலும், தவறான குப்பியிலிருந்து சரியான சிரிஞ்சில் மருந்தை எடுத்துவிட்டால் அதுவும் காப்பாற்றாது என்பதால், பெயரைப் படிக்கும் வழக்கத்தை எந்தக் கருவிக்காகவும் கைவிட முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் இதே நோக்கம் கொண்டது. மயக்கம் கொடுக்கும் முன்பும், கத்தி வைக்கும் முன்பும், நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறும் முன்பும் குழுவினர் நின்று சரிபார்க்கிறார்கள். புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களில் இதைச் செயல்படுத்திப் பார்த்து 2009-இல் வெளியான ஆய்வில், இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. எனவே, ஒரே கேள்வியை நான்கு பேர் கேட்டாலும் சலித்துக்கொள்ளாமல், பெயரையும் எந்தக் காலில் அறுவை என்பதையும் ஒவ்வொரு முறையும் முழுமையாகச் சொல்லும்படி அம்மாவிடம் கூறுங்கள். இந்தப் பட்டியலை அந்த மருத்துவமனையில் பின்பற்றுகிறார்களா என்று நீங்கள் கேட்பதிலும் தவறில்லை.

உங்கள் தாயாரைப் பொறுத்தவரை, அவர் சாப்பிடும் மாத்திரைகள்தான் எனக்கு அதிகக் கவலை தருகின்றன. டபாகிளிஃப்ளோசினை நிறுத்தாமல் அறுவை சிகிச்சைக்குச் சென்றால், ரத்தச் சர்க்கரை அவ்வளவாக உயராத நிலையிலும் உடலில் கீட்டோன் என்னும் அமிலம் ஆபத்தான அளவுக்குச் சேரக்கூடும். ஆதலால் பொதுவாகக் குறைந்தது 3 நாட்களுக்கு முன் அதை நிறுத்தி, வேறு வழியில் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவார்கள். குளோபிடோக்ரெலின் வீரியம் இருக்கும்போது முதுகில் ஊசி போட்டால், தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டி நரம்புகளை அழுத்தும் ஆபத்து உண்டு என்பதால் 5 முதல் 7 நாட்கள் இடைவெளி தேவை. அதற்காக நீங்களாகவே அதை நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். நிறுத்தலாமா, எப்போது, மாற்றாக என்ன என்பதை இதய மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் கலந்து முடிவு செய்ய வேண்டும். மாத்திரை அட்டைகளையெல்லாம், நாட்டு மருந்து இருந்தால் அதையும், இந்த வாரமே எடுத்துச் சென்று காட்டுங்கள்.

எளிய உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்படுவது பொது விதி. நீண்டகாலச் சர்க்கரை நோயில் இரைப்பை மெதுவாகக் காலியாவதால், மருத்துவர் கூடுதல் நேரம் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பால் கலந்த காபி உணவுக் கணக்கில்தான் வரும். முதுகு ஊசி போதாமல் முழு மயக்கம் தர நேர்ந்தால், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகாமலிருக்க இந்தக் கட்டுப்பாடுதான் காக்கிறது.

அறுவை முடிந்த பிறகு, மரத்திருந்த கால்களில் பெரும்பாலும் சில மணி நேரங்களில் உணர்வு திரும்பும். நேரம் கடந்தும் கால்கள் அசையாவிட்டாலோ, திரும்பிய உணர்வு மறுபடி மங்கினாலோ, முதுகில் கடும் வலி தோன்றினாலோ, நள்ளிரவாக இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் உடனே செவிலியரிடம் சொல்லி மயக்கவியல் மருத்துவரை வரவழையுங்கள். ரத்தக்கட்டு என்றால் சில மணி நேரத் தாமதமே கால்களை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்துவிடும்.