லூபஸ் இருக்கறவங்களுக்கு ஒரு காது திடீர்னு அடைச்சா…

கேள்வி: எனக்கு வயசு 36, பல்லடம் பக்கமுங்க. ஆறு வருசமா லூபஸ் (உடம்போட எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கற நோவு), அதுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடறேன். அஞ்சு நாளா வலது காது அடைச்சுட்டு ங்கொய்ய்னு இரையுது, ஃபோனை அந்தக் காதுல வெச்சா பேச்சே புரியல. வீட்டோட தறி ஓட்டறோம், அந்தச் சத்தந்தான்னு சொல்றாங்க. மாத்திரைனால இருக்குமோன்னு பயமா இருக்குது, நிறுத்திப் பாக்கட்டுங்களா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீங்க அம்மணி. ஆனா இன்னைக்கே ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க, திருப்பூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியோ பக்கத்துல இருக்கற வேற எதுவோ, பாவு தீரட்டும் நோம்பி முடியட்டும்னு தள்ளிப்போட வேண்டாமுங்க.

தறிச் சத்தம் காதைக் கெடுக்காதான்னா கெடுக்கும், 85 டெசிபலுக்கு மேல நாள் முழுக்கக் கேட்டாலே உள்காது தேயும், தறிக்கூடத்துல அதைவிட ஜாஸ்தியாவே இருக்கும். ஆனா அது வருசக்கணக்குல, பெரும்பாலும் ரெண்டு காதையும் சேத்து மெதுவா மந்தமாக்கும். ஒரே காது அஞ்சு நாள்ல இப்படி ஆச்சுன்னா அதைத் தறி மேல போட்டுட்டு உக்காந்திருக்கக் கூடாதுங்க.

உள்காதுக்கு ரத்தம் கொண்டு போறது தலைமுடி மாதிரி ஒரு சின்னக் குழாய்ங்க, அது அடைச்சா மாத்து வழி கிடையாது. லூபஸ்ல அந்தக் குழாய்கள் வீங்கலாம், இல்ல ஆன்ட்டிபாஸ்போலிப்பிட்னு சொல்ற ஆன்டிபாடி இருந்தா ரத்தம் உறைஞ்சு அடைக்கலாம். அதனால அந்த ரத்த டெஸ்ட் முன்னாடி எடுத்திருந்தா ரிப்போர்ட்டைக் கையோட கொண்டு போங்க. கருக்கலைஞ்சதோ கால்ல ரத்தக்கட்டு வந்ததோ இருந்தா அதையும் மறக்காம சொல்லுங்க.

வீட்லயே ஒண்ணு செஞ்சு பாருங்க, வாயை மூடிட்டு "ம்ம்ம்"னு முனகுங்க. சத்தம் அடைச்ச காதுல ஓங்கிக் கேட்டா அழுக்கோ சளியோ இருக்கலாம், நல்ல காதுப் பக்கம் ஓங்கிக் கேட்டா நரம்புப் பக்கக் கோளாறா இருக்கலாம். எப்படிக் கேட்டாலும் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேக்குதுன்னு பாக்கற டெஸ்ட், எடுத்தே ஆகணும், இதை நம்பி வீட்ல இருந்துடாதீங்க.

நரம்புதான்னு தெரிஞ்சா ஸ்டீராய்டு குடுப்பாங்க, மாத்திரையா இல்லைன்னா செவிப்பறை வழியா ஊசியா. மொத ரெண்டு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பலன் நல்லா இருக்கும், உங்களுக்கு அதுல அஞ்சு நாள் போயிருச்சு. எல்லாருக்கும் முழுசா திரும்பி வரும்னு நான் பொய் சொல்ல மாட்டேன், நிறையப் பேருக்கு ஓரளவாவது வருது. வீட்ல ஸ்டீராய்டு மாத்திரை மிச்சம் கிடந்தாலும் நீங்களா எடுத்துப் போட்டுக்காதீங்க, சக்கரை, பிரஷர் பாத்துத்தான் அளவு சொல்லுவாங்க.

ஹைட்ராக்சிகுளோரோகுயின்னால காது கேக்காம போறது அபூர்வமுங்க, அதைத் திடீர்னு விட்டா லூபஸ் கிளம்பி கிட்னி வரைக்கும் போகலாம். அதை மாத்தறதா வேண்டாமான்னு உங்க மூட்டுவாத டாக்டர் முடிவு பண்ணட்டும். ஆஸ்பிரின், நீர் இறக்கற மாத்திரை, சமீபத்துல அமிக்கசின்ங்கற ஆன்டிபயாட்டிக் ஊசின்னு ஏதாச்சும் எடுத்திருந்தீங்கன்னா அந்தச் சீட்டையும் எடுத்துக்குங்க, அதுலயும் காதைத் தொடறது இருக்குது.

நல்லெண்ணெய் காய்ச்சி ஊத்தாதீங்க, பட்ஸ் போட்டுக் கொடையாதீங்க. கொஞ்ச நாளைக்குத் தறிப்பக்கமே போகாதீங்க. தலை சுத்தலும் சேந்துக்கிச்சுன்னா தனியா பஸ் ஏறாதீங்க, கூட ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க. ஒரு பக்கம் வாய் கோணுனாலோ, கை கால் மரத்தாலோ, பேச்சு குழறுனாலோ உடனே 108-க்குப் போடுங்க.