வாசகர் கேள்வி – பதில்: த்ராட்டில் பாடியை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 2004-ஆம் ஆண்டு தயாரிப்பான பெட்ரோல் கார், ஆக்ஸிலரேட்டர் கேபிளால் இயங்கும் வகை. சில வாரங்களாக, வண்டி நிற்கும்போது ஐடிலிங் (மிதியை அழுத்தாதபோது இன்ஜின் சுழலும் வேகம்) ஒரு நிலையில் இல்லாமல் நிமிடத்துக்கு 600 சுற்றுக்கும் 1,500 சுற்றுக்கும் இடையே ஏறி ஏறி இறங்குகிறது. வேகத்தைக் குறைத்து நிறுத்தப்போகும் நேரத்தில் சில சமயம் இன்ஜின் நின்றே விடுகிறது. மிதியை மெல்ல அழுத்தினால் முதலில் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்து, பிறகு வெடுக்கென்று இழுக்கிறது. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா?

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பவை மூன்று தொல்லைகள். மூன்றுக்கும் ஒரே காரணம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

முதலில் பாதுகாப்பு. இன்ஜினை நிறுத்திவிட்டு, மிதியை முழுவதும் அழுத்தி விடுங்கள். அது உடனே, முழுமையாகத் திரும்பி வர வேண்டும். தயங்கினாலோ பாதியில் நின்றாலோ, சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கவே கூடாது. ஸ்பிரிங், கேபிள், மிதியில் சிக்கும் தரைவிரிப்பு ஆகியவற்றை அங்கேயே பார்த்துவிடலாம்.

அடுத்து, காற்று வடிகட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாயைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். காற்று வழியைத் திறந்து மூடும் வட்டத் தகட்டைக் கையால் திறந்து பிடித்தால், மூடிய நிலையில் அதன் விளிம்பு எங்கே படிகிறதோ சரியாக அந்த இடத்தில், குழாய்ச் சுவரைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் தெரியும். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து திரும்பி வரும் எண்ணெய்ப் புகை பல வருடங்களாகப் படிந்து இறுகிய கார்பன் அது. மிதி முதலில் ஒட்டுவதற்கும், காற்று செல்லும் மெல்லிய இடைவெளி அடைபட்டு நிறுத்தும்போது இன்ஜின் அணைவதற்கும் பெரும்பாலும் இந்த வளையமே காரணம். த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் கிளீனரை மென்மையான துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். உலோகப் பிரஷ், உப்புத்தாள் இரண்டும் வேண்டாம். சில வண்டிகளில் உட்சுவரில் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும், அது போனால் காற்றுக் கசிவு நிரந்தரமாகிவிடும். தகடு எவ்வளவு மூட வேண்டும் என்று தடுத்து நிறுத்தும் சிறு திருகையும் தொடாதீர்கள். அதைத் திருப்பி ஐடிலிங்கைச் சரிசெய்வது, உண்மையான கோளாறை மூடி மறைக்கும் வேலை.

ஆனால் ஐடிலிங் தாளம்போல் ஏறி இறங்குவதை அழுக்கின் கணக்கில் மட்டும் எழுத நான் தயங்குவேன். அதற்கு முதல் சந்தேகம் காற்றுக் கசிவின் மீதுதான். எங்கோ வெடித்த வேக்குவம் ஹோஸ் (இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாய்) வழியாகவோ, இரு பாகங்களின் இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் தளர்ந்த இடத்தின் வழியாகவோ கூடுதல் காற்று நுழைந்தால் சுழற்சி ஏறுகிறது. மிதியை விட்டபடி வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று கருதிக் கட்டுப்பாட்டுக் கணினி பெட்ரோலை நிறுத்துகிறது. சுழற்சி விழுந்ததும் மீண்டும் கொடுக்கிறது. இதுவே திரும்பத் திரும்ப நடக்கிறது. ஹோஸ்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள். பழைய ரப்பர் வளைவில்தான் பிளக்கும். இன்ஜின் ஓடும்போது கேஸ்கெட் ஓரங்களில், மின் இணைப்புகளில் படாதபடி, தண்ணீரை மெல்லிய தூவலாக அடித்து, எந்த இடத்தில் இன்ஜினின் ஓசை மாறுகிறது என்று கவனியுங்கள். இதற்குத் தீப்பற்றும் கிளீனரைப் பயன்படுத்துவோர் உண்டு. சூடான இன்ஜின் மீது அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஐடிலிங்கைக் கட்டுப்படுத்தும் வால்வையும் சோதியுங்கள்: ஏசியைப் போட்டதும் சுழற்சி ஒரு கணம் தாழ்ந்து மீள வேண்டும். மீளாமல் இன்ஜின் நின்றால், வால்வு அடைபட்டிருக்கலாம் அல்லது செயலிழந்திருக்கலாம்.

மூன்றாவது, தகட்டின் நிலையைச் சொல்லும் சென்சார். சாவியை ஆன் நிலையில் வைத்து, இன்ஜினை இயக்காமல், அதன் சிக்னல் வயரில் மல்டிமீட்டரை வையுங்கள். பல கார்களில் மூடிய நிலையில் சுமார் 0.5 வோல்ட்டும், முழுதாகத் திறந்தால் சுமார் 4.5 வோல்ட்டும் காட்டும். உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு முள் உள்ள பழைய மீட்டரே நல்லது. மிதியை மிக மிக மெதுவாக அழுத்தச் சொல்லி முள்ளையே பாருங்கள். தேய்ந்த சென்சாரில், மிதி சற்றே அழுந்திய அந்த முதல் கட்டத்தில் முள் சட்டென்று கீழே விழுந்து எழும். நாம் பெரும்பாலும் காலை வைத்து ஓட்டுவது அந்த இடத்தில்தான் என்பதால், தேய்வதும் அங்கேதான். கார் கணினியின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனரில், இந்த சென்சாரைக் குறிக்கும் பி 0120 முதல் பி 0124 வரையிலான குறியீடு வந்தால்கூட, வயரையும் கனெக்டரையும் பார்க்காமல் சென்சாரை வாங்க வேண்டாம்.

முழு த்ராட்டில் பாடியையும் மாற்ற வேண்டிய நிலை ஒன்று உண்டு. தகட்டைத் தாங்கும் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். தெளிவாக ஆட்டம் கொடுத்தால், அல்லது தகடு உரசி உட்சுவரில் பள்ளம் விழுந்திருந்தால், உங்கள் மெக்கானிக் சொல்வது சரி.

கேள்வி: என் காரில் எலெக்ட்ரானிக் த்ராட்டில் (கேபிளுக்குப் பதிலாக மோட்டார் தகட்டைத் திறக்கும் வகை). சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் 1,500 சுற்றுக்குக் கீழே இறங்கவில்லை. கெடுத்துவிட்டேனா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அழுக்கு இருந்த காலத்தில், அதை ஈடுகட்டத் தகட்டைச் சற்றுக் கூடுதலாகத் திறக்கக் கணினி பழகியிருக்கும். இப்போது வழி சுத்தமானதால் அதே திறப்பில் காற்று அதிகமாகப் போகிறது. கையேட்டில் உள்ள ஐடில் ரீலேர்ன் முறையை, அதாவது சரியான திறப்பைக் கணினிக்கு மீண்டும் பழக்கும் முறையைச் செய்யுங்கள். சில வண்டிகளுக்கு ஸ்கேனர் தேவைப்படும். அதற்கு முன், கழற்றிய குழாயின் கிளாம்ப் சரியாக இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். சாவி ஆன் நிலையில் இருந்தபோது தகட்டை விரலால் தள்ளித் திறந்திருந்தால் மட்டும், உள்ளிருக்கும் சிறு பற்சக்கரங்களையும் மோட்டாரையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்.